டெக்சாஸ் அரசுப் பள்ளியில் பத்துக் கட்டளைப் படம், பைபிள் கிளப், தீபாவளி லீவு

கேள்வி: டல்லாஸ் பக்கம் புதுசா வந்திருக்கோம், ஹெச்-1பி. பொண்ணு மூணாவது படிக்கிறா. கிளாஸ்ல பத்துக் கட்டளைகள் மாட்டியிருக்காங்க. பையில பைபிள் கிளப் நோட்டீஸ் வேற. இது அரசுப் பள்ளிதானே? ஏதாவது கேட்டா விசாவுக்குப் பிரச்னை வருமா? தீபாவளிக்கு லீவு எப்படிக் கேட்கணும்?

பதில்: விசா பயத்தை முதலில் விடுங்கள். பள்ளியில் கொடுக்கும் புகார் விசா கோப்பில் ஏறுவதில்லை. மத விஷயத்தில் அரசியல் சட்டம் தரும் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமானதும் இல்லை.

அடுத்து, எதைப் பார்த்தாலும் 'இது யார் செய்வது' என்று கேளுங்கள். ஆசிரியரோ பள்ளியோ வகுப்பை ஜெபம் செய்ய வைக்க முடியாது. 1962-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்ட விஷயம் அது. மாணவர் தானாக ஜெபிக்கலாம், இடைவேளையில் பைபிள் படிக்கலாம், நண்பர்களிடம் ஏசுவைப் பற்றிப் பேசலாம். அதே உரிமையில்தான் உங்கள் பெண்ணும் திருநீறு பூசிக்கொண்டு போகிறாள். பக்கத்து இருக்கைப் பிள்ளை 'நீ சர்ச்சுக்கு வா' என்று கூப்பிட்டதற்கெல்லாம் பிரின்சிபாலிடம் போனால், அடுத்த முறை உண்மையான புகாரோடு போகும்போது மதிப்பு இருக்காது.

படம் மூன்றாவது வகை, அதாவது சட்டமே மாட்டச் சொல்வது. எஸ்.பி. 10 என்ற மாநிலச் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ளது. படம் குறைந்தது 16 அங்குல அகலம், 20 அங்குல உயரம். வாசகத்தையும் சட்டமே வரி வரியாகத் தருகிறது. யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் பள்ளி வாங்கி மாட்டியாக வேண்டும். சொந்தக் காசில் அச்சடிக்கும் கட்டாயம் இல்லை. ஒரு வகுப்பில் இருந்து, அடுத்த வகுப்பில் இல்லாமல் போவது இதனால்தான். இதே மாதிரியான கென்டக்கி சட்டத்தை 1980-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் 2022-இல், மைதானத்தில் ஜெபம் செய்த வாஷிங்டன் மாநிலக் கால்பந்துப் பயிற்சியாளர் வழக்கில், அரசு மதத்தோடு எவ்வளவு சேரலாம் என்ற தன் பழைய அளவுகோலை நீதிமன்றம் கைவிட்டது. அந்தத் தைரியத்தில் லூசியானா, ஆர்கன்சாஸ், டெக்சாஸ் மூன்றும் சட்டம் போட்டன.

2025 ஆகஸ்டில் சான் அன்டோனியோவின் ஃபெடரல் நீதிபதி 11 பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) இந்தப் படத்தை மாட்ட இடைக்காலத் தடை போட்டார். பிளேனோ, ஃபோர்ட் பெண்ட் போல நம்மவர் நிறைய இருக்கும் மாவட்டங்கள் அதில் உண்டு. வழக்குப் போட்ட குடும்பங்களில் இந்துக் குடும்பமும் உண்டு. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனதால், உங்கள் மாவட்டத்தில் இன்று என்ன நிலை என்பதை மாவட்ட இணையதளத்தில் பாருங்கள், வாட்ஸ்அப் ஃபார்வர்டில் அல்ல. ஆசிரியரிடம் 'கழற்றுங்கள்' என்று நிற்காதீர்கள், அது அவர் கையில் இல்லை. அந்த வாசகத்தில் விக்கிரகம் செய்யக் கூடாது என்ற வரியும் இருக்கிறது. வீட்டில் பிள்ளையாரைக் கும்பிடும் குழந்தை அதைப் படித்துவிட்டு வந்து கேட்கும், பதில் தயாராக வைத்திருங்கள்.

பாடம் வேறு கதை. மாநிலம் 2024 நவம்பரில் அனுமதித்த புளூபானட் பாடத்திட்டத்தில் பைபிள் கதைகள் வருகின்றன. அது மாவட்டங்களின் விருப்பம்தான், கட்டாயமில்லை. உங்கள் மத நம்பிக்கைக்கு முரணான ஒரு வகுப்பிலிருந்து குழந்தையைத் தற்காலிகமாக விலக்கிக்கொள்ளக் கல்விச் சட்டம் 26.010 இடம் தருகிறது. தேர்விலிருந்து தப்பிக்கவோ, முழு செமஸ்டருக்குமோ அதைப் பயன்படுத்த முடியாது. ஃபோனில் பேசாதீர்கள், ஆசிரியருக்கும் பிரின்சிபாலுக்கும் சேர்த்து மெயில் போடுங்கள். குழந்தை பெயர், வகுப்பு, எந்தப் பாடம், எந்தத் தேதி, 26.010-இன்படி விலக்கு, அந்த நேரத்துக்கு மாற்று வேலை. இவ்வளவே போதும். இந்து மதம் என்ன சொல்கிறது என்று இரண்டு பக்கம் எழுதினால் கேட்டது எது என்றே தெரியாமல் போகும்.

கிளப் நோட்டீஸ் பள்ளியின் சிபாரிசு இல்லை. 2001 தீர்ப்பின்படி, பள்ளி நேரத்துக்குப் பின் மற்ற அமைப்புகளுக்கு இடம் தரும் பள்ளி, மதக் கிளப்புக்கு மறுக்க முடியாது. நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கோ பொங்கல் விழாவுக்கோ அதே கட்டடத்தை அதே வாடகையில் நீங்களும் கேட்கலாம்.

தீபாவளி லீவுக்கு அதே கல்விச் சட்டத்தின் 25.087 பிரிவு. 'ரிலிஜியஸ் ஹோலி டே' என்ற சொல்லையே கடிதத்தில் எழுதுங்கள். 'ஃபேமிலி ஃபங்ஷன்' என்று எழுதித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், அது அனுமதி இல்லாத விடுப்பாகப் பதிவாகும். முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போவதென்றால், போக ஒரு நாளும் வர ஒரு நாளும் சட்டமே தருகிறது. விட்ட தேர்வை எழுத நியாயமான அவகாசம் தர வேண்டும்.

இன்னொரு பதில்: மேலே விட்டுப்போனது ஒன்று. எஸ்.பி. 11 என்ற சட்டப்படி சில மாவட்டங்கள் தினசரிப் பிரார்த்தனை நேரம் வைக்கலாம். அதற்குப் பெற்றோர் ஒப்புதல் படிவம் வேண்டும். முதல் வாரம் வரும் பத்துப் பதினைந்து படிவங்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்தக் கொள்கையை எதிர்த்து வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற வரியும் அந்தப் படிவத்தில் இருக்கும். இதைத் தினமும் நடக்கும் ஒரு நிமிட மௌனத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மௌனம் எல்லோருக்கும் உண்டு, அதில் குழந்தை சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கொடி உறுதிமொழி வேண்டாம் என்றால் நீங்கள் எழுதிக் கொடுக்கலாம்.

மெயிலுக்குப் பதில் வராவிட்டால் மாவட்டக் கொள்கைகளில் 'எஃப்.என்.ஜி.' (FNG) என்ற கொள்கை எண்ணைத் தேடுங்கள். பெற்றோர் புகார் முறை அங்கேதான் இருக்கிறது, காலக்கெடுவும் அதிலேயே உண்டு.