பேலியோவா, 16:8 விரதமா, அளவுச் சாப்பாடா?

வேலை சென்னை ஓஎம்ஆரில், மதியத்துக்கு வீட்டு டப்பா. எடை குறைக்க இந்த மூன்றில் எது ஆறு மாதம் தாங்கும்? மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோவில் முதல் வாரமே 2 கிலோ இறங்குகிறதாம். அது கொழுப்புதானா?

கிண்டிக்காரர்: பெரும்பாலும் தண்ணீர்தான் சார். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்துதான் கிளைகோஜன்; அது ஒரு கிராம் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் போய்விடும், கூடவே உப்பும். முதல் வாரத் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் அதனால்தான். சென்னை வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இல்லையென்றால் உப்புப் போட்ட சூப் தினம் ஒரு கப் குடியுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டு டோஸை மாற்றாமல் பேலியோ, விரதம் எதையும் தொடங்கவே கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

மாம்பலம் அக்கா: 16:8 என்றால் இரவு 8 மணிக்கு முடித்து மறுநாள் 12 மணிக்குச் சாப்பிடுவது. காலையில் பாலும் சர்க்கரையும் சேர்த்த ஃபில்டர் காபி குடித்தால் விரதம் அங்கேயே முடிந்தது, கடுங்காபி குடிக்கலாம். பலர் சறுக்குவது 12 மணிக்கு, பசியில் சாதம் இரட்டிப்பாகிவிடும். முதலில் இரண்டு முட்டை அல்லது ஒரு கப் சுண்டல், பிறகு பொரியல், கடைசியில் சாதம்.

கிண்டிக்காரர்: டப்பா கட்டுபவருக்கு அளவுச் சாப்பாடுதான் நீடிக்கும். வடித்த சாதம் 150 கிராம், ஏறக்குறைய 200 கலோரி. கணக்கு உதைப்பது எண்ணெயில்: ஒரு மேசைக்கரண்டியே 120. தாளிக்கும்போது பாட்டிலைக் கவிழ்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.