ஆய்விதழுக்கு அனுப்பின கட்டுரை திரும்பி வருது, தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா தெரியுது: யாராவது உதவுங்க

தோட்டப்பள்ளி டீச்சர், சுங்கை சிப்புட், மலேசியா

வணக்கம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில இரண்டாம் ஆண்டு எடுக்கிறேன். உப்சியில (சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம்) முதுகலைக்குச் செஞ்ச ஆய்வுல ஒரு பகுதிய ஆங்கிலத்துல எழுதி, வெளிநாட்டு எழுத்தறிவு ஆய்விதழ் ஒண்ணுக்கு அனுப்பினேன். பிள்ளைங்க தமிழ்ப் பாடத்தச் சத்தமா வாசிக்கும்போது எந்த எழுத்துல தடுமாறுறாங்க, ஏன் தடுமாறுறாங்க என்பதுதான் விஷயம். பாதி பக்கம் அட்டவணை, அதுல பூரா தமிழ்ச் சொல்.

இரண்டு தொல்லை. ஒண்ணு, 'அன்சப்மிட்டெட்'னு கட்டுரை திரும்பிடுது. மதிப்பீட்டாளருக்குப் போற கோப்புல என் பெயர் மறைக்கப்படலைன்னு காரணம் சொல்றாங்க. முதல் பக்கத்துல என் பேரே இல்ல! இன்னொண்ணு, அவங்க தளம் உருவாக்கிக் காட்டுற பி.டி.எஃப்.ல கட்டுரைக்குள்ள வர்ற தமிழ்ச் சொல்லெல்லாம் வெறும் கட்டமா நிக்குது. அட்டவணையில கட்டம்கூட இல்ல, ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமா குப்பை. என் கணினியில எல்லாம் அழகா தெரியுது.

பள்ளியில ஒரு சார் 'ரோமன்ல எழுதிட்டுப் போங்க டீச்சர், வெள்ளைக்காரனுக்குத் தமிழா தெரியும்'ங்கிறார். அப்படியே செஞ்சிடலாமா?

கித்தா மரம்

டீச்சர், முதல்ல மனசத் தேத்திக்குங்க. 'அன்சப்மிட்டெட்' நிராகரிப்பு இல்ல. இதழாசிரியர் உங்க ஆய்வ இன்னும் பார்க்கவே இல்ல, அலுவலகத்துல சரிபார்க்கிறவங்க திருப்பியிருக்காங்க. அதே கட்டுரை எண்ணுல சரிசெஞ்சு மறுபடி அனுப்பலாம். புதுசா தொடங்காதீங்க.

முதல் பக்கத்துல பேர எடுத்தா போதாது. வேர்டுல ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் போங்க. உங்க பேரு, மேற்பார்வையாளர் ஓரத்துல எழுதின குறிப்புல அவர் பேரு, எல்லாம் அங்க மாட்டும். நகல் ஒண்ணு எடுத்து வச்சிட்டு அதுல செய்ங்க. கோப்புப் பெயர்லயும் உங்க பேர் இருக்கான்னு பாருங்க, பலரும் கோட்டை விடுற இடம் அது. நன்றியுரையும் எழுதினவர் விவரமும் தனிக் கோப்பா போகணும். 'என் முந்தைய ஆய்வேட்டில்'னு எழுதியிருந்தா படர்க்கையில மாத்துங்க. ஆய்வேட்டுத் தலைப்பும் கட்டுரைத் தலைப்பும் ஒண்ணா இருந்தா தேடுன உடனே நீங்க யாருன்னு தெரிஞ்சிடும். தலைப்ப மாத்துங்க. ஆய்வேட்டுல இருந்து வந்ததுன்னு இதழாசிரியருக்கு எழுதுற கடிதத்துல மட்டும் சொல்லிடுங்க, அது மதிப்பீட்டாளர் கைக்குப் போகாது. சொல்லாம விட்டா, ஒப்புமைச் சோதனையில (ஏற்கெனவே வந்த எழுத்தோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்க்கிறது) விழுக்காடு எகிறும்போது தனியா விளக்கம் கொடுக்க வேண்டி வரும்.

பினாங்குப் பித்தன்

தோட்டத்துப் பேரும் எழுதியிருக்கீங்களா? அதையும் எடுங்க. சின்னப் பள்ளியில இரண்டாம் ஆண்டுல எத்தனை பிள்ளை இருக்கும்? தோட்டத்த எழுதிட்டா எந்தப் பையன் தடுமாறினான்னு ஊரே சொல்லிடும். 'பேராக் மாநிலத் தோட்டப் பள்ளி ஒன்று', அவ்வளவு போதும்.

தோட்டப்பள்ளி டீச்சர்

தோட்டத்துப் பேர் இரண்டாம் பக்கத்துலயே இருந்துச்சு, எடுத்துட்டேன். குறிப்புல மேற்பார்வையாளர் பேரும் இருந்துச்சு சார், நல்லா சொன்னீங்க. எழுத்துப் பிரச்சினை இன்னும் அப்படியே இருக்கு.

எழுத்துருக்காரன்

அக்கா, உங்ககிட்ட இருக்கிறது ஒரு நோய் இல்ல, இரண்டு. கட்டம் வேற, குப்பை வேற.

கட்டம்னா எழுத்து யூனிகோடுதான் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு), எழுத்துருதான் இல்ல. ஏ.பி.ஏ. நடைன்னு (ஆய்வுக் கட்டுரை எழுதுற ஒரு முறை) மொத்தக் கட்டுரையையும் டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாத்தியிருப்பீங்க. அந்த எழுத்துருவுல தமிழே கிடையாது. உங்க கணினியில வேர்டு சத்தமில்லாம வேற எழுத்துருவ இரவல் வாங்கிக் காட்டுது, அவங்க சர்வர்ல இரவல் கொடுக்க ஆள் இல்ல. தமிழ்ச் சொல்ல மட்டும் தேர்ந்தெடுத்து நிர்மலா, லதா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுங்க. அப்புறம் ஆப்ஷன்ஸ், சேவ் போய் எழுத்துருவக் கோப்போட சேர்த்துச் சேமிக்கிற வசதிய டிக் பண்ணுங்க.

குப்பைன்னா அது யூனிகோடே இல்ல. பழைய எழுத்துருவுல யாரோ தட்டச்சு செஞ்ச அட்டவணைய வெட்டி ஒட்டியிருக்கீங்க. ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் முகமூடி மாட்டின மாதிரி அது, எழுத்துரு இல்லாத இடத்துல முகமூடி கழண்டுடும். எழுத்துருவ மாத்திப் பிரயோஜனம் இல்ல, யூனிகோடு மாற்றியில போட்டு எடுக்கணும். 1985லேயே முத்து நெடுமாறன் முரசு தமிழ் மென்பொருள் உருவாக்கின நாடு நம்ம நாடு, பழைய குறியீட்டுல கிடக்கிற கோப்புக்குப் பள்ளிகள்ல பஞ்சமே இல்ல.

கித்தா மரம்

ரோமன் யோசனைய மட்டும் ஏத்துக்காதீங்க டீச்சர். வேற துறையா இருந்தா பரவாயில்ல. உங்க ஆதாரமே எழுத்துதான். 'பள்ளி'ய ஒரு பிள்ளை 'பல்லி'ன்னு வாசிச்சா, அடையாளக் குறி இல்லாத ரோமன்ல இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. மதிப்பீட்டாளர் 'பிழை எங்கே?'ன்னு கேட்பார், நியாயமான கேள்வி. மழை, மலையும் அப்படித்தான் பிரிக்க முடியாம போகும்.

ஒவ்வொரு வரிசையிலயும் தமிழ் எழுத்து, ஐ.எஸ்.ஓ. 15919ங்கிற பன்னாட்டு எழுத்துப்பெயர்ப்பு முறையில புள்ளி, கோடு போட்ட ரோமன், ஆங்கிலப் பொருள், மூணும் வரட்டும். ளகரத்துக்குக் கீழ்ப்புள்ளி, ழகரத்துக்குக் கீழ்க்கோடு. தமிழ் தெரியாதவரும் பிழையக் கண்ணால பார்ப்பார்.

சம்பளம் முடிஞ்சது

இவ்வளவு பாடு எதுக்கு? எனக்கு வாட்ஸாப்ல ஒரு இதழ் வந்துச்சு, காசு கட்டினா இரண்டு வாரத்துல போட்டுடுவாங்களாம். பதவி உயர்வுக்கு ஆகுமே லா.

கித்தா மரம்

தம்பி, இரண்டு வாரத்துல எவன் படிச்சிருப்பான்? சந்தா முறையில நடக்கிற நல்ல இதழ்கள்ல, திறந்த அணுக்கம் (யாரும் இலவசமா படிக்கிற வசதி) கேட்காத வரைக்கும் வெளியிடுறதுக்குப் பெரும்பாலும் காசு கேட்க மாட்டாங்க. ஆசிரியர் குழுவுல இருக்கிறவங்க தங்களோட பல்கலைக்கழகப் பக்கத்துல அந்த இதழச் சொல்லியிருக்காங்களான்னு பாரு.

டீச்சர், உங்களுக்கு ஒரு சொல். சர்வதேச எழுத்தறிவுச் சங்கத்துக்கு மூணு இதழ் இருக்கு. 'தி ரீடிங் டீச்சர்' 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவங்க படிக்கிறது. 'ரீடிங் ரிசர்ச் குவாட்டர்லி' கனமான ஆய்வுக்கு. இன்னொண்ணு பதின்வயதுக்கும் பெரியவங்களுக்கும். எந்த இதழா இருந்தாலும் அதுல வந்த நாலு கட்டுரையப் படிச்சிட்டு, வகுப்பறைக் கதை வேணுமா, கோட்பாடு வேணுமான்னு முடிவு பண்ணுங்க. இதழ் பொருந்தலைன்னா அடுத்த வாசல்ல நிஜமாவே திருப்பிடுவாங்க.

தோட்டப்பள்ளி டீச்சர்

கட்டம் போயிடுச்சு! அட்டவணையையும் மாத்தினேன். ஆனா 'கொக்கு', 'தோடு' மாதிரி சொல்லுல மட்டும் கொம்பு தனியா, புள்ளி வட்டத்தோட நிக்குது.

எழுத்துருக்காரன்

பழைய எழுத்துருவுல கண்ணுல படுற வரிசையிலதான் சேமிப்பாங்க: முதல்ல கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால். யூனிகோடுல 'க' முன்னால, 'ஒ'கரக் குறி பின்னால. உங்க மாற்றி அதத் திருப்பிப் போடல. அந்தச் சொல்ல மட்டும் கையால அழிச்சுத் திரும்பத் தட்டுங்க.

தோட்டப்பள்ளி டீச்சர்

வேடிக்கையப் பாருங்க. என் வகுப்புப் பையன் 'கொ'வ அப்படியேதான் பிரிச்சு வாசிக்கிறான், 'கெ'ன்னு சொல்லிட்டு அப்புறம் 'கா'ன்னு காலத் தனியா இழுக்கிறான். அந்த அட்டவணைதான் இது.

சரியாயிடுச்சு, பி.டி.எஃப். சுத்தமா வருது. அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு: ஒப்புதல் விவரம் கேட்கிறாங்க. இ-ராஸ் 2.0ங்கிற ஆய்வு விண்ணப்பத் தளம் வழியா வாங்கின கல்வி அமைச்சு அனுமதி, மாநிலக் கல்வி இலாகா கடிதம், பெற்றோர் கையெழுத்து எல்லாம் இருக்கு. அனுமதிக் கடிதத்துல என் பேர் இருக்கே, ஏத்தலாமா?

கித்தா மரம்

ஏத்துங்க, ஆனா கோப்பு வகையத் தேர்ந்தெடுக்கும்போது 'மதிப்பீட்டுக்கு அல்ல'ங்கிறதப் போடுங்க. கட்டுரைக்குள்ள 'கல்வி அமைச்சின் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் பெறப்பட்டன'ன்னு ஒரு வரி போதும், கடித எண் வேணாம். பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாள கேட்டாலொழிய அனுப்பாதீங்க, அதுல பிள்ளைங்க பேர் இருக்கும்.

தோட்டப்பள்ளி டீச்சர்

அனுப்பிட்டேன். இப்ப 'இதழாசிரியர் பார்வையில்'னு காட்டுது. எல்லாருக்கும் நன்றி. ரோமன்ல எழுதச் சொன்ன சாருக்கு அட்டவணையக் காட்டினேன், 'பல்லி' வரிசையப் பார்த்துச் சிரிச்சிட்டார்.