மறு: விம் கையேட்டில் ஒரு திருத்தம், கூடவே ‘ஷெல் கட்டளை’

அனைவருக்கும் வணக்கம்.

விம் என்ற உரைதிருத்தி நிரலின் கையேட்டை நாம் தமிழில் தருகிறோமே, அதற்கான திருத்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ‘டபிள்யூ, இடைவெளி, ஆச்சரியக்குறி, சார்ட்’ என்று இருக்க வேண்டிய கட்டளையில் இடைவெளியைக் காணோம். ஆச்சரியக்குறிக்கு முன் இடம் விடக் கூடாது என்ற அச்சு வழக்கப்படி மெய்ப்பு பார்த்தவர் எடுத்துவிட்டார் போலும். இடைவெளி இருந்தால் விம் நம் வரிகளை, வரிசைப்படுத்தும் சார்ட் நிரலுக்கு உள்ளீடாகக் கொடுக்கும். இல்லாவிட்டால் சார்ட் என்ற பெயரில் ஒரு கோப்பை எழுதிவைக்கும். அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் கேட்காமலே அதன்மேல் எழுதிவிடும். ஆங்கில மூலத்திலேயே ‘இடைவெளியைக் கவனிக்கவும்’ என்று எச்சரிக்கை உண்டு. அதையும் சேர்த்துவிட்டேன்.

இனி சண்டைக்கு வருவோம்: நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ‘ஷெல்’ நிரலுக்குத் தமிழில் என்ன பெயர்? ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ‘ஓடு’ என்றும் பொருள். உங்கள் மடல்களின் வரிகளை எடுத்துப் போட்டுப் பதில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கையேடு போயாக வேண்டும்.

> ‘ஓடு’ இருக்க ‘ஷெல்’ எதற்கு? ஆமையோடு, மண்டையோடு என்கிறோமே.

சரி ஐயா, பின்னால் ‘கட்டளை’யைச் சேர்த்துப் பாருங்கள். நெடில்தொடர்க் குற்றியலுகரம், நன்னூல்படி டகரம் இரட்டித்து ‘ஓட்டுக் கட்டளை’ ஆகிறது. தேர்தல் ஆணையம் அனுப்பியது மாதிரி இருக்கிறது. ‘ஓடு கட்டளை’ என்று விட்டால் வினைத்தொகை ஆகிவிடும், நீங்களே விடமாட்டீர்கள்.

> அப்படியானால் ‘செயற்கூடு’?

அதே விதி இங்கும் காலை வாருகிறது. ‘செயற்கூட்டுக் கட்டளை’ நீளம் என்று எல்லாரும் ‘கூட்டுக் கட்டளை’ என்று சுருக்குவார்கள். பேஷ் என்ற ஷெல்லின் கையேட்டில் பல கட்டளைகளைச் சேர்த்துக் கட்டுவதற்கென்றே ஒரு வகை இருக்கிறது. நாளைக்கு அதற்கு எங்கே போய்ப் பெயர் தேடுவது?

> ஓடு, கூடு, தோடு, மூடு, வீடு: ‘டு’ ஈறே மறைத்தல் பொருளது.

ஆடும் மாடும் எதை மறைக்கின்றன ஐயா? இந்த ஆராய்ச்சி இருக்கட்டும், தனி இழையில் ஆசையோடு படிக்கிறேன்.

> ஷெல் எண்டால் எங்களுக்கு எறிகணை. ஷெல்லடிக்குள்ள வளர்ந்த ஆக்களுக்கு இதை எப்பிடிப் படிப்பிக்கிறது? ‘முனையக் கட்டளை’ எண்டு போடுங்கோ.

இந்த மடலுக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. சென்னையில் உட்கார்ந்து எழுதும் எங்களுக்கு இது தோன்றவே இல்லை. ஆனால் முனையம் (டெர்மினல்) வேறு, ஷெல் வேறு. முனையம் நாம் தட்டச்சு செய்து விடையைப் பார்க்கும் சாளரம், ஷெல் அதற்குள் ஓடும் நிரல். 2018இல் வந்த விம் 8.1இல் டெர்மினலுக்கென்று தனிக் கட்டளையே சேர்ந்தது. ஷெல்லுக்கு வேறொன்று முன்பே இருக்கிறது. இரண்டையும் ‘முனையம்’ என்றால் மாணவர் தவறானதை அடிப்பார்.

இப்போதைக்கு ‘ஷெல் கட்டளை’ என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்’ என்ற விளக்கம் இருக்கும். பெரும்பாலோர் சம்மதித்தது விருப்பத்தாலா சலிப்பாலா என்று கேட்காதீர்கள். யாழ்ப்பாண நண்பரின் மறுப்பைக் கலைச்சொல் பட்டியலில் குறித்திருக்கிறேன். பொருந்தும் சொல் கிடைத்தால் அடுத்த பதிப்பில் மாற்றலாம்.

வேறு ஆட்சேபம் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். இடைவெளியை மட்டும் இனி யாரும் தொடவேண்டாம்.