பிரையன் எட்வர்ட்ஸ்: அடிமை முறைக்காக நிதானமாக வாதாடியவரை எப்படி வாசிப்பது?

ஏட்டுச்சுவடி:
பிரையன் எட்வர்ட்ஸ் 1793-இல் வெளியிட்ட மேற்கிந்தியத் தீவுகளின் வரலாற்றை இப்போதுதான் படித்து முடித்தேன். ஜமைக்காவில் கரும்புத் தோட்ட முதலாளி, அந்தத் தீவின் சட்டமன்ற உறுப்பினர், 1796 முதல் 1800-இல் இறக்கும்வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். அடிமை வணிகத்தை நிறுத்தப் போராடிய வில்பர்ஃபோர்ஸை எதிர்த்து நின்றவர். இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் அவரை எட்வர்ட் லாங்கோடு சேர்த்துப் பேசுவது சரியில்லை. லாங் தன் 1774 ஜமைக்கா வரலாற்றில் ஆப்பிரிக்கர்களை வேறொரு உயிரினம் என்றே நிறுவப் பார்த்தார். எட்வர்ட்ஸ் அந்த வழியில் போகவில்லை. முதலாளியின் கடனுக்காக அடிமைகளை ஜப்தி செய்து விற்கலாம் என்ற 1732 சட்ட விதியை 1797-இல் நீக்க வைத்தவரும் அவர்தான்.

கரைக்காற்று:
லாங்கைவிட மேல் என்பது ஒரு சான்றிதழா நண்பரே? லாங்கின் எழுத்தில் வெறுப்பு பச்சையாகத் தெரியும், படிப்பவர் விலகிவிடுவார். எட்வர்ட்ஸ் வணிகத்தின் கொடுமைகளைப் பாதி ஒப்புக்கொள்வார், இரக்கப்படுவார், கடைசியில் “உடனே நிறுத்தினால் எல்லாருக்கும் கேடு” என்று முடிப்பார். தயங்கி நின்ற உறுப்பினர்களுக்கு வேண்டியிருந்தது இந்தக் குரல்தான். வில்பர்ஃபோர்ஸே அவரை வலுவான எதிரியாக மதித்தார். 1797 சட்டத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். ஆட்கள் தோட்டத்தைவிட்டுப் போகாமல் இருந்தால் முதலாளிக்கும் நல்லதுதானே.

ஏட்டுச்சுவடி:
உள்நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். ஏலத்தில் பிள்ளையைப் பிரிய இருந்த ஒரு தாய்க்கு அந்தச் சட்டம் சின்ன விஷயமா? அப்புறம், 1760-இல் டாக்கி தலைமையில் நடந்த கிளர்ச்சிக்குப் பிறகு தண்டிக்கப்பட்ட அலிக்கோ என்ற அடிமைக்காக இரங்கற்பா எழுதியிருக்கிறார். கல் நெஞ்சுக்காரர் அதை எழுத மாட்டார்.

கரைக்காற்று:
அந்தக் கிளர்ச்சிக்கே வருவோம். அது வெடித்தது செயின்ட் மேரி பகுதியில், ஃப்ரான்டியர், ட்ரினிட்டி ஆகிய தோட்டங்களில். ட்ரினிட்டி, எட்வர்ட்ஸை வளர்த்து ஆளாக்கிய மாமா சக்கரி பெய்லியின் சொத்து. எட்வர்ட்ஸ் 16 வயதில் 1759-இல் அவரிடம்தான் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த கோல்ட் கோஸ்ட் (மேற்கு ஆப்பிரிக்காவின் இன்றைய கானா) ஆட்களில் ஒருவர்கூட வந்த நாளிலிருந்து துளி கொடுமையும் அனுபவித்ததில்லை என்று நூலில் சாதிக்கிறார். அப்படியானால் ஏன் எழுந்தார்கள்? அவர்களுடைய இனக்குணம் என்கிறார்! கடத்தி வந்து விற்றது அவருக்குக் கொடுமைக் கணக்கிலேயே வரவில்லை. கவிதையில் கண்ணீர், வரலாற்றில் இந்த வாதம். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

மேகலை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவருமே அந்த நூலின் முக்கியமான இடத்தைத் தொடவில்லை. அடிமை முறை உள்ள நாடுகளில் ஆட்சி அச்சத்தின் மேல்தான் நிற்கிறது, அந்தக் கட்டாயத்தின் முன் உரிமை பற்றிய கேள்விக்கே இடமில்லை என்று அவரே எழுதுகிறார். தோட்ட முதலாளி ஒருவரின் கையால் வந்த வாக்குமூலம் இது. கிளர்ச்சிக்காரர்களில் ஒருவரை உயிரோடு எரித்ததையும், இருவரை இரும்பில் பிணைத்துத் தொங்கவிட்டுச் சாகவிட்டதையும், எரிந்தவர் முனகக்கூட இல்லை என்பதையும் பதிவு செய்தவர் அவர். இவற்றுக்காகவே அவரை வாசிக்க வேண்டும். அதே நூலில் ஐசக் டீல் என்பவரின் கவிதையையும் சேர்த்திருக்கிறார். ஆப்பிரிக்கப் பெண்ணைக் கடல்மேல் பவனி வரும் காதல் தெய்வம் வீனஸாக வருணிக்கும் கவிதை. கப்பலின் அடித்தட்டில் விலங்கோடு கிடந்தவர்களை நினைத்துக்கொண்டு அதைப் படிக்கவே முடியவில்லை.

கரைக்காற்று:
மேகலை சொல்வது சரி. வாசிக்கக் கூடாது என்று நானும் சொல்லவில்லை. அவரை நடுநிலையாளர் என்று அறிமுகப்படுத்தாதீர்கள், அவ்வளவுதான். 1791-இல் பிரெஞ்சுக் குடியேற்றமான செயின்ட் டொமிங்கில் (இன்றைய ஹெய்ட்டி) அடிமைகள் எழுந்தபோது நேரில் போய் எரிந்த தோட்டங்களைப் பார்த்தவர், பழியை அடிமை ஒழிப்பாளர்கள் மேல் போட்டார்.

ஏட்டுச்சுவடி:
ட்ரினிட்டி பகுதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். “கொடுமை இல்லை” என்று சொல்லும் அதே வாக்கியத்தில், அவர்கள் புதிதாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்றும் இருக்கிறது. முதல் வாசிப்பில் அதைக் கவனிக்காமல் கடந்திருக்கிறேன். ‘நிதானமானவர்’ என்று குறித்து வைத்திருந்ததை அடித்துவிட்டேன். 1797 சட்டம் பற்றி என் கருத்து மாறவில்லை, அதைத் தனியாக எழுதுகிறேன்.