வீல்சேரில் இருப்பவர் சென்னையில் தனியாக வீடு எடுத்துத் தங்குவது: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்: தென்காசிச் சாரல்

வணக்கம். எனக்கு 26 வயது. கல்லூரி முடித்த வருடம் பைக் விபத்தில் தண்டுவடத்தில் அடிபட்டது. டி12, அதாவது முதுகுப் பகுதியின் பன்னிரண்டாவது எலும்பு இருக்கும் இடம். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, கைகள் நன்றாக இருக்கின்றன. வேலூர் பாகாயத்தில் தங்கி மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தேன். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு நானே மாறிக்கொள்வேன், சிறுநீர் எடுக்கும் கதீட்டர் குழாயும் நானே போட்டுக்கொள்வேன்.

இப்போது கிண்டியில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மா கூடவே வருகிறேன் என்கிறார். ஆனால் வீட்டில் படுத்த படுக்கையாகப் பாட்டி, கொட்டிலில் இரண்டு மாடு. அம்மா வந்தால் இங்கே யார்? அம்மா வராவிட்டால் நானும் போகக் கூடாது என்பது அப்பாவின் முடிவு. எனக்குத் தனியாக இருந்து பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. வீடு எப்படிப் பார்ப்பது, உதவிக்கு ஆள் எப்படி வைப்பது, அலுவலகத்தில் என்ன கேட்பது?

இன்னொரு கவலையும் உண்டு. எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை, மூன்று சக்கர வண்டி என்று எதற்கு மனு எழுதவும் என்னிடம்தான் வருகிறார்கள். நான் போய்விட்டால் அவர்களை விட்டுவிட்ட மாதிரி ஆகிவிடுமே என்று உறுத்துகிறது.

பதில்: நங்கநல்லூர் அக்கா

சாரல், உன்னைத் தங்கச்சியாக நினைத்து நீ என்றே எழுதுகிறேன். எனக்கு டி10. நங்கநல்லூரில் வாடகை வீட்டில் பல வருடங்களாகத் தனியாக இருக்கிறேன். தாராளமாக வா.

வீட்டைப் பார்க்கும்போது முதலில் கழிவறை. ஹால், பால்கனி, காற்றோட்டம் எல்லாம் அப்புறம். பெரும்பாலான வாடகை வீடுகளில் கழிவறைக் கதவு இரண்டரை அடி என்பார்கள். நிலையைக் கழித்துவிட்டு அளந்தால் 25 அங்குலம் தேறினால் பெரிது. உன் வீல்சேரின் அகலத்தைச் சக்கரத்தின் வெளி வளையத்தோடு சேர்த்து அளந்து வைத்துக்கொள். கதவு உள்பக்கம் திறந்தால் கொண்டிகளை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்யலாம், தச்சர் அரை நாளில் முடித்துவிடுவார். அப்படியும் நுழையவில்லையென்றால் சின்னச் சக்கரம் வைத்த குளியல் நாற்காலி ஒன்று வாங்கி அறையிலேயே அதற்கு மாறிக்கொண்டு உள்ளே போ. என் வீட்டில் அப்படித்தான். கைப்பிடிக் கம்பியை டைல்ஸ் மேல் சும்மா ஸ்க்ரூ போட்டு மாட்ட விடாதே. செங்கல் வரைக்கும் துளைத்து ஆங்கர் போல்ட் போட வேண்டும். மாட்டி முடித்ததும் வந்தவரையே முழு எடையோடு அதில் தொங்கிக் காட்டச் சொல்.

தரைத்தளம்தான் வசதி என்று எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் அது பாதி உண்மை. 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரிப் பக்கம் எத்தனையோ தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நடக்க முடிந்தவர்கள் மாடிக்கு ஏறினார்கள். நமக்கு அது கிடையாது. அதனால் லிஃப்ட் உள்ள கட்டடத்தில் முதல் தளம் பார். மின்சாரம் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று ஹவுஸ் ஓனரிடம் கேட்காதே, வாட்ச்மேனிடம் கேள். இன்னொரு கேள்வியும் அவரிடமே கேள்: மழைக்காலத்தில் தெருவில் எது வரை தண்ணீர் நிற்கும்?

நங்கநல்லூர் ரோடு மெட்ரோவிலிருந்து கிண்டி இரண்டாவது ஸ்டேஷன், இரண்டிலும் லிஃப்ட் இருக்கிறது. ரயிலுக்குள் பிரச்சினை இல்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும்தான் பாடு. நடைபாதையில் பைக் ஏறக் கூடாது என்று நட்டு வைத்த கம்பத்துக்கு நடுவே வீல்சேரும் நுழையாது, இறங்கி ரோட்டோரமாகத்தான் போக வேண்டும். வீல்சேரின் முன்னால் மாட்டிக்கொள்ளும் நியோபோல்ட் மோட்டார் வைத்திருக்கிறேன். சென்னை ஐஐடியிலிருந்து வந்த கண்டுபிடிப்பு. அது வந்த பிறகு ஆட்டோக்காரரின் தயவு எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்து ஆள் வைப்பது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்: சம்பளத்துக்கு ஆள் வை. சொந்தக்காரப் பெண், தெரிந்தவர் மகள், 'சும்மா கூட இருக்கட்டும்' என்று யாரையும் கூட்டி வராதே. சம்பளமில்லாமல் செய்பவரிடம் 'இன்றைக்கு ஆறு மணிக்கே வாருங்கள், நான் வெளியே போக வேண்டும்' என்று சொல்ல வாய் வராது. கொஞ்ச நாளில் நீ எப்போது குளிப்பது, எப்போது வெளியே போவது என்பதை அவர் வசதிதான் தீர்மானிக்கும். எனக்குக் காலையில் இரண்டு மணி நேரம் ஓர் அம்மா வருகிறார். துணி காயப்போடுவது, மேல் அலமாரிச் சாமான், படுக்கை விரிப்பு, கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி. மற்றதெல்லாம் நான். அவருக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை, தீபாவளி போனஸ். அவர் வராத நாளுக்கு அதே தெருவில் இன்னொருவர். ஏஜென்சிக்குப் போகாதே, தெருவில் வீட்டு வேலை செய்யும் அக்காக்களிடம் சொல்லி வை. அரசு தரும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை ஆள் சம்பளத்துக்குக் காணாது. அதனால் அலுவலகத்தில் உன் சம்பளம் பேசும்போதே இந்தச் செலவையும் கணக்கில் வைத்துப் பேசு.

அலுவலகத்தில் சேருவதற்கு முன்பே கழிவறையின் போட்டோவும் கதவின் அளவும் கேள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். சம வாய்ப்புக் கொள்கை என்று ஒன்றை அவர்கள் வெளியிட வேண்டும். 'உங்கள் கொள்கையின் நகல் அனுப்புங்கள்' என்று ஒரு மின்னஞ்சல் போடு. மரியாதையாக இருக்கும், வேலையும் நடக்கும். உட்கார்ந்த வேலை என்பதால் கால் மணிக்கு ஒரு முறை கை ஊன்றி உடம்பைத் தூக்கு. இரவில் கண்ணாடி வைத்துப் பின்பக்கம் பார்க்காமல் தூங்காதே. சிவந்திருந்தால் மறுநாள் லீவு, வேறு பேச்சே கிடையாது. படுக்கைப்புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடும்.

பதில்: அனுபவஸ்தன்

எல்லாம் சரி. ஆனால் பெண் பிள்ளை, அதுவும் இந்த நிலைமையில் தனியாக ஏன் இத்தனை பாடு? சென்னையில் நல்ல இல்லங்கள் இருக்கின்றன. சாப்பாடு, மருத்துவம், பாதுகாப்பு எல்லாம் ஒரே இடத்தில். பெற்றோரும் நிம்மதியாக இருப்பார்கள்.

பதில்: நங்கநல்லூர் அக்கா

ஐயா, இல்லத்தில் இருக்க விரும்புபவர் இருக்கட்டும். சாரல் அதைக் கேட்கவில்லை. அதே சட்டத்தின் 5ஆவது பிரிவைப் படியுங்கள். சமூகத்தோடு வாழும் உரிமை நமக்கு உண்டு, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது, தனி உதவியாளர் போன்ற ஆதரவும் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்குப் போராடிய எட் ராபர்ட்ஸ் 1962இல் அங்கே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, போலியோவால் கழுத்துக்குக் கீழே அசைவில்லாத அவரை வளாக மருத்துவமனையில்தான் தங்க வைத்தார்கள். பத்து வருடத்தில், 1972இல், மாற்றுத்திறனாளிகளே நடத்தும் சுதந்திர வாழ்வு மையம் அந்த ஊரில் வந்துவிட்டது. இல்லத்தில் எட்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்கு விளக்கணைப்பு. நான் இருந்து பார்த்திருக்கிறேன். அங்கே எனக்குக் குறை என்று ஒன்றுமில்லை. சாயங்காலம் நினைத்த நேரத்தில் தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது பெரிய விஷயம்.

பதில்: மதுரை அம்மா

என் மகனும் வீல்சேரில்தான். கோயம்புத்தூரில் தனியாக இருக்கிறான். சாரல், உங்கள் அம்மாவின் பயத்தை வாதம் பண்ணிப் போக்க முடியாது. என் மகன் எதிர் வீட்டில் ஒரு மாற்றுச் சாவி கொடுத்து வைத்திருக்கிறான். காலையில் எழுந்ததும் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ், ஏழரைக்குள் வரவில்லையென்றால் எதிர் வீட்டுக்காரருக்குப் போன் செய்வேன் என்று பேசி வைத்திருக்கிறோம். முதல் மாதம் போனதும் நான் போய் அவன் கையால் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வந்தது. அம்மாவை வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள். கழிவறையை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

தென்காசிச் சாரல்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, சம்பளத்துக்கு ஆள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. சித்தி மகளைக் கூட்டிப் போகலாம் என்றுதான் வீட்டில் பேச்சு ஓடுகிறது. மனு எழுதும் விஷயத்துக்கும் ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: நங்கநல்லூர் அக்கா

அதைத் தனியாக எழுதலாம் என்றுதான் விட்டு வைத்தேன்.

எங்கள் பகுதியில் ஒரு வங்கிக் கிளைக்கு வாசலில் மூன்று படி. ஒன்றரை அடி உயரம். உள்ளிருந்து ஒருவர் வெளியே வந்து ரோட்டில் வைத்தே என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். பாவம், நல்ல மனிதர். ஆனால் என் கணக்கில் எவ்வளவு பணம் என்பதை ரோட்டில் நின்று ஏன் பேச வேண்டும்? மேலாளருக்குக் கடிதம் எழுதினேன்: இந்த முகவரி, இத்தனை படி, 2016 சட்டத்தின் 46ஆவது பிரிவுப்படி நாமும் வந்துபோகும் வசதி செய்யச் சேவை தருபவர்களுக்குக் கொடுத்த இரண்டு வருட அவகாசம் 2019லேயே முடிந்துவிட்டது, இத்தனை நாளுக்குள் பதில் தேவை. ஒரு நகல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு. அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ராம்ப் வந்தது. நாலடி நீளத்தில்! ஒன்றரை அடி உயரத்துக்கு நாலடி என்றால் ஏற முயன்றால் வீல்சேர் பின்னால் கவிழும். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பதுதான் கணக்கு, ஆக 18 அடி வேண்டும். இன்ச் டேப்பை ராம்ப் மேல் விரித்து வைத்துப் போட்டோ எடுத்து மறுபடி அனுப்பினேன். இடம் இல்லை என்றார்கள். பார்க்கிங் பக்கமாகத் திருப்பி, நடுவில் வீல்சேர் நின்று திரும்பச் சமதளம் விட்டால் இடம் இருக்கிறது என்று படம் வரைந்து கொடுத்தேன். இப்போது அப்படித்தான் இருக்கிறது. வெறுமனே 'ராம்ப் வேண்டும்' என்று எழுதாதே, அளவை எழுது.

2024 நவம்பர் 8 அன்று ரஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் மனுவில் சேர்க்கலாம். அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு அது. சென்னையில் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய, வீல்சேரோடு ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகளும் சும்மா வரவில்லை. நம் ஆட்கள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தியிருக்கிறார்கள்.

ஊர்க்காரர்களுக்கு எழுதும்போது ஒன்று செய். அவர்கள் சொல்லச் சொல்ல எழுது, எழுதியதைப் படித்துக் காட்டு, கையெழுத்தோ ரேகையோ அவர்களே வைக்கட்டும், ஒப்புகைச் சீட்டை அவர்களே பத்திரப்படுத்தட்டும். திரும்பப் போய்க் கேட்க வேண்டியதும் அவர்கள்தான். சீட்டு உன் பெட்டியில் இருக்கிற வரைக்கும் உன்னைத் தேடித்தான் வருவார்கள், நீயும் எங்கேயும் நகர முடியாது.

பதில்: கடையநல்லூர் ராஜா

தங்கச்சி, நான் பக்கத்து ஊர்தான். போலியோ, காலைத் தாங்கும் கேலிப்பர் போட்டு நடப்பேன், ஸ்கூட்டர் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ராமகிருஷ்ணன் ஐயா 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியதைப் பார்த்து வளர்ந்த ஏரியா நம்முடையது. ஆள் இல்லாமல் போய்விடாது. உங்களிடம் இருக்கும் மனு மாதிரிகளை எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமைகளில் நான் உட்கார்கிறேன். சந்தேகம் வந்தால் போன் போடுகிறேன்.

இன்னொன்று, 2025 ஏப்ரலில் சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினராக்க வழி செய்திருக்கிறது. உங்களிடம் மனு எழுத வருகிறவர்களில் நன்றாகப் பேசக்கூடிய இரண்டு மூன்று பேர் இருப்பார்களே, அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். விண்ணப்பிக்க வைக்கலாம்.

தென்காசிச் சாரல்

ராஜா அண்ணே, மாதிரிகளை இன்று ராத்திரியே அனுப்புகிறேன். பேசக்கூடியவர் என்றால் எங்கள் ஊர் பீடி சுற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். தாலுகா ஆபீஸில் அவர் குரல் கேட்டால் எழுந்து வந்துவிடுவார்கள். அவரிடம் முதலில் பேசுங்கள்.

அக்கா, அடுத்த வாரம் அம்மாவோடு பொதிகை ரயிலில் வருகிறேன். இரண்டு வீட்டுக்காரர்கள் போனில் 'வீல்சேரா?' என்றதும் வைத்துவிட்டார்கள். மூன்றாமவர் வந்து பாருங்கள் என்றிருக்கிறார். லிஃப்ட் கதவு 28 அங்குலமாம்.

பதில்: நங்கநல்லூர் அக்கா

28 போதும். லிஃப்டின் உள் ஆழத்தையும் கேள், கால் வைக்கும் பலகையோடு சேர்த்து உன் வண்டி முழுதாக உள்ளே போக வேண்டும். தாம்பரத்தில் இறங்குங்கள், நான் வருகிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கம்பி மாட்டவும் கதவைத் திருப்பவும் ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடலாம்.