பிஎம்டபிள்யூ ஐ3: கிறவல் றோட்டும் வடநோர்வே குளிரும் தாங்குமோ?

பனிமலை (கேள்வி):
வணக்கம். 2017 ஐ3 மின்கார், 33 கிலோவாற்-மணி பற்றரி, பெற்றோல் எஞ்சின் இல்லாதது, ஒண்டு பார்த்து வச்சிருக்கிறன். ட்ரொம்சோ பக்கம் ஒரு நாளைக்குப் போய்வர 70 கிலோமீற்றர், அதில கொஞ்சம் கிறவல் றோட்டு. ஒடுங்கின ரயர், பின்சில்லுதான் இழுக்குது. ஐஸில சறுக்காதோ? ரேஞ்ச் காணுமோ? 20 அங்குல றிம் இருக்கு, அப்பிடியே ஓடலாமோ?

சில்லு:
20 அங்குலத்தைக் கழட்டுங்கோ. முன்ரயர் 155/60, அதாவது அகலம் 155 மி.மீ., பக்கச்சுவர் அதில 60 வீதம், 93 மி.மீ.தான். 19 அங்குலத்தில 155/70, 108 மி.மீ. குழிக்குள்ள விழேக்க றிம்மைக் காப்பாத்துறது அந்த 15 மி.மீ. றப்பர்தான். நாலு சில்லும் ஒரே அளவாப் போட்டால் முன்பின் மாத்தலாம். பின்ரயர்தான் கெதியாத் தேயும். இந்த அளவு எல்லாக் கடையிலும் இராது, சீசனுக்கு முன்னமே சொல்லி வையுங்கோ. உதிரிச் சில்லு இல்லை, ஓட்டை அடைக்கிற பசை மட்டும்தான். பக்கச்சுவர் கிழிஞ்சால் அது உதவாது.

ஒடுங்கின ரயர் ஸ்னோவை வெட்டி அடியில பிடிக்கும், அதுக்குப் பயப்பிட வேண்டாம். கவனம் வேண்டியது வழுக்கு ஐஸில. அக்சிலேற்றரில இருந்து காலைச் சடாரெண்டு எடுத்தால் மீள்சார்ஜ் (மோட்டரே வேகத்தைக் குறைச்சு, அந்தச் சக்தியில பற்றரியை நிரப்புறது) பின்சில்லை மட்டும் பிடிக்கும், பின்பக்கம் விலகப் பார்க்கும். வளைவுக்கு முன்னமே மெதுவாக் காலை எடுங்கோ.

10 பாகை குளிர்ந்தால் ரயர்க் காற்றமுத்தம் ஏறக்குறைய 0.1 பார் இறங்கும். சூடான கராஜுக்குள்ள அடிச்ச காற்று −15இல 0.3 குறைஞ்சிருக்கும். ட்ரொம்சோ இருக்கிற ட்ரொம்ஸ் மாகாணத்தில 16 ஒக்டோபர் முதல் 30 ஏப்ரல் வரை ரயர் வெட்டு ஆழம் 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

வாற்மணி:
பாவிக்கக் கூடியது 27 கிலோவாற்-மணி அளவு. −10இல ஹீற்றரோட 100 கிலோமீற்றருக்கு 20–22 கிலோவாற்-மணி போகுமெண்டு வையுங்கோ: 120–135 கிலோமீற்றர். 70க்குக் காணும், ஆனால் பற்றரி பழசு, புயல் நாளும் இருக்கு, வேலையிடத்தில ஒரு சொக்கெற் இருந்தால் நிம்மதி.

வாங்க முதல் ஹீற் பம்ப் (வெளிக்காற்றில இருந்து சூட்டை எடுத்து, குறைஞ்ச மின்சாரத்தில காரைச் சூடாக்கிறது) இருக்கோ எண்டு பாருங்கோ, அது விருப்பத் தெரிவாத்தான் வந்தது. கடுங்குளிரில அதின்ர லாபம் குறையும், சீற் சூடுதான் சிக்கனம். இரவு வயரில கொழுவி, புறப்படுற நேரத்தைக் காருக்குக் குடுத்து வையுங்கோ. சூடாக்கிற மின்சாரம் சுவரில இருந்து வரும். இதை விட்டால் பற்றரி குளிர்ந்து கிடக்கும், மீள்சார்ஜை ஏற்காது. நேற்று அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தோண்ண நிண்ட கார் இண்டைக்கு உருண்டுகொண்டே போகும். முதல் சந்தியிலயே பிறேக்கில கால் இருக்கட்டும்.

கறள்:
காபன் உடம்பு கறள் பிடியாது, பிறேக் டிஸ்க் பிடிக்கும். மீள்சார்ஜே வேகத்தைக் குறைக்கிறதால பிறேக் அதிகம் வேலை செய்யாது, றோட்டு உப்பு தின்னும். கிழமைக்கு ஒருக்கா, காய்ஞ்ச வெறும் றோட்டில கியரை நியூட்ரலில விட்டு நாலைஞ்சு தரம் பிறேக்கை நல்லா அழுத்துங்கோ. நியூட்ரலில மீள்சார்ஜ் இல்லை, முழு வேலையும் டிஸ்க்குக்குத்தான்.

முன்கதவுக் கண்ணாடிக்கு மேல்சட்டம் இல்லை. கதவு திறக்கேக்க கண்ணாடி கொஞ்சம் இறங்க வேணும், உறைஞ்சால் இறங்காது. இழுத்துப் பிடுங்க வேண்டாம். றப்பருக்கு சிலிக்கன் பூசுங்கோ.

வாங்க முதல் லிஃப்டில ஏத்தி அடிப்பக்கத்தைப் பாருங்கோ. பற்றரிக் கூட்டு அலுமினியத்தில நசிவு, கழண்ட மூடி, காபனில வெடிப்பு இருந்தால் விட்டிடுங்கோ. காபன் திருத்தம் எல்லாக் கராஜாலும் ஏலாது.