அப்பாவுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் (எல்டிஎல்) 160: மாத்திரையா, தேங்காய் எண்ணெயா?

மார்த்தாண்டம் மக:
அப்பாவுக்கு 52 வயசு. சுகர் இல்ல, பிரஷர் உண்டு. வெறும் வயித்துல எடுத்த ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 46, டிரைகிளிசரைடு (ரத்தத்துல உள்ள இன்னொரு கொழுப்பு) 210, எல்டிஎல் 160. டாக்டர் கொலஸ்ட்ரால் குறைக்கிற அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் மாத்திரை எழுதியிருக்காங்க. சித்தப்பாவோ, "கொலஸ்ட்ரால்ங்கிறதே மருந்துக் கம்பெனி கிளப்புன புரளி, செக்குத் தேங்காய் எண்ணெய் போதும்"னு மலையாள வீடியோவா அனுப்புறாரு. யாரு சொல்லதக் கேக்க?

லேப் அண்ணன்:
தங்கச்சி, அந்த 160 அளந்தது இல்ல, கணக்குப் போட்டது: 248ல 46ஐயும், 210ஐ 5ஆல் வகுத்து வந்த 42ஐயும் கழிச்சிருக்காங்க. டிரைகிளிசரைடு 400 தாண்டுனா இந்தக் கணக்கு உதவாது, நேரடி எல்டிஎல் டெஸ்ட் கேக்கணும். மொத்தத்துல எச்டிஎல்ல மட்டும் கழிச்சா 202. இதுதான் நான்-எச்டிஎல். இந்த டெஸ்டுக்குப் பட்டினி வேண்டாம். அப்பா மாதிரி டிரைகிளிசரைடு கூடுனவங்களுக்கு இதத்தான் பாக்கணும். 130க்குக் கீழ வரணும். தைராய்டு டெஸ்ட் டிஎஸ்எச் பாத்தாச்சா? தைராய்டு மந்தமானாலும் எல்டிஎல் ஏறும்.

குளச்சல்காரர்:
சித்தப்பா பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. தினம் 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல சாப்பிடாதேங்கிற வரம்ப அமெரிக்க உணவு வழிகாட்டியே 2015ல எடுத்துட்டுது. அப்பாவோட டிரைகிளிசரைடு இறங்க மரச்சீனிக் கிழங்கு, சோறு, சீனி போட்ட சாயாவத்தான் முதல்ல குறைக்கணும். குடி இருந்தா அத நிறுத்தணும்.

எல்டிஎல் விஷயத்துல வீடியோ தப்பு. எல்டிஎல்ல ரத்தத்துல கூட்டி வைக்கிற பிசிஎஸ்கே9 மரபணு சரியா வேலை செய்யாமப் பிறந்த சிலருக்கு ஆயுசு முழுக்க எல்டிஎல் குறைவு. மாரடைப்பும் நல்லாவே குறைவு. அவங்க எந்த மாத்திரையும் போட்டதில்ல, கம்பெனி மேல எப்படிப் பழி போடுவீங்க?

எண்ணெய்க் கணக்கையும் பாருங்க. 4 பேர் வீட்டுல மாசம் 3 லிட்டர்னா தலைக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி. அதுலயே சுமார் 20 கிராம் நிறைகொழுப்பு, எல்டிஎல்ல ஏத்துற கொழுப்பு. 2000 கலோரி சாப்பிடுறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற உச்சம் 22 கிராம். தேங்காய் அரைப்பும் நேந்திரம் சிப்ஸும் இதுல சேரல! செக்குல ஆட்டுனாலும் நிறைகொழுப்பு மாறாது. "எச்டிஎல்லும் ஏறுதே"ம்பாங்க. ஏறும்தான். ஆனா நியாசின்ங்கிற வைட்டமின் மருந்து கொடுத்து எச்டிஎல்ல ஏத்திப் பாத்த பெரிய சோதனைகள்ல மாரடைப்பு குறையல. தாளிக்க மட்டும் தேங்காய் எண்ணெய் வச்சுக்கங்க, மத்ததுக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ. சாளை மீனப் பொரிக்காம கறி வைங்க.

மருந்தாளுநர்:
அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமுக்கு எல்டிஎல் மூணுல ஒரு பங்குக்கு மேல இறங்கும். அளவ இரட்டிச்சா கூடுதலா 6 சதவீதம்தான், அதனால சாப்பாட்டையும் விட்டுடக் கூடாது. ஆரம்பிக்கும்போது ஏஎல்டி (ஈரல் டெஸ்ட்), 6 முதல் 12 வாரத்துல மறுபடி லிப்பிட் (கொலஸ்ட்ரால்) டெஸ்ட். தசை வலி வந்தா தானா நிறுத்தாம டாக்டர்ட்ட சொல்லி சிகே (தசை பாதிப்பக் காட்டுற ரத்த டெஸ்ட்) பாருங்க. மூத்திரம் கட்டன் சாயா (பால் ஊத்தாத டீ) நிறத்துல போனா மட்டும் மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே போகணும்.